ஊசி முனையில் இத்தனை அதிசயமா... தெரியுமா உங்களுக்கு?

வெண்கலத்தில் வார்த்த ஓர் ஆள் மருத்துவ மாணவர்களுக்குத் தேர்வு வைத்தான் என்றால் நம்புவீர்களா? சீனாவில் சொங் வம்ச மன்னர் ரென்சொங் ஆண்ட காலம். தலைநகர் கைஃபெங். அரண்மனை மருத்துவர் வாங் வெய்யீ 1027-இல் ஆளுயர வெண்கல மனிதர்கள் இருவரை வார்த்து முடித்தார். உடம்பெங்கும் 650-க்கும் மேற்பட்ட துளைகள்! துளை இருக்கும் இடமெல்லாம், ஊசி குத்தி வைத்தியம் பார்க்கும் அக்குபங்சரின் புள்ளி. தேர்வு நாளன்று மேலே மெழுகைப் பூசித் துளைகளை மறைத்துவிடுவார்கள். உள்ளே தண்ணீரோ பாதரசமோ நிரம்பியிருக்கும். மாணவர் ஊசியை எடுத்துக் குத்த வேண்டும். சரியான இடமென்றால் உள்ளிருப்பது வெளியே கசியும். தவறென்றால் ஊசி உள்ளேயே இறங்காது! உயிருள்ள நோயாளிமேல் ஊசி வைக்கும் முன் மாணவரின் கை பழகியிருக்க வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறாரே, அதுதான் என்னைச் சொக்க வைக்கிறது. அந்த மூலச் சிலைகள் பின்னாளில் தொலைந்து போயின.

இன்னும் பின்னால் போவோமா? ஹூனான் மாகாணத்து மாவாங்துய் கல்லறையில் 1973-இல் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. உடலில் ஓடும் 11 பாதைகளை அந்தப் பட்டு சொல்கிறது, அவற்றின்மேல் மூலிகையால் சூடு வைக்கச் சொல்கிறது. ஆனால் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! அதற்கு 55 ஆண்டுகள் கழித்து இறந்த லியூ ஷெங் என்ற இளவரசரின் கல்லறை மான்செங்கில் 1968-இல் திறக்கப்பட்டது. ஜேட் கல் துண்டுகளைத் தங்கக் கம்பியால் கோத்துச் செய்த ஆடைக்குள் அவர் கிடந்தார். கூடவே வைக்கப்பட்டிருந்த பொருள்களில் தங்க ஊசிகளும் வெள்ளி ஊசிகளும்!

இன்று அக்குபங்சர் மருத்துவர் பிரிக்கும் பாக்கெட்டில் ஊசியோடு ஒரு சின்னக் குழாயும் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதை உலகுக்குக் கொடுத்தவர் பார்வையில்லாத ஒருவர்! ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி சிறுவயதிலேயே கண்ணை இழந்தவர். கை மந்தம் என்று ஆசிரியர் அனுப்பிவிட, எனோஷிமா தீவில் போய் நோன்பிருந்தாராம். திரும்பும் வழியில் கல் தடுக்கி விழுந்தபோது குழல்போலச் சுருண்ட எதற்குள்ளோ இருந்த பைன் இலை ஒன்று காலில் குத்தியதாம். அந்தக் குத்தலில் பிறந்ததுதான் வழிகாட்டிக் குழாய் என்பது கதை. கதை எப்படியோ, குழாய் நிஜம். குழாய்க்குள் ஊசியை விட்டு, மேலே துருத்தும் நுனியை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், வலி தெரியாமல் தோலுக்குள் இறங்கிவிடும். பின்னாளில் அவர் ஜப்பானை ஆண்ட ஷோகுனுக்கே வைத்தியம் பார்த்தார், பார்வையற்றோருக்கு இந்தக் கலையைக் கற்பிக்கப் பள்ளி நடத்தினார். ஜப்பானின் பார்வையற்றோர் பள்ளிகளில் இன்றும் அக்குபங்சர் ஒரு தொழிற்கல்வி!

இப்படிப்பட்ட அக்குபங்சரைச் சீன அரண்மனையே 1822-இல் விரட்டியது தெரியுமா? தாவ்குவாங் பேரரசரின் ஆணைப்படி அரச மருத்துவக் கழகத்தில் அது நிறுத்தப்பட்டது. அதற்கு 149 ஆண்டுகள் கழித்து, ஒரு பத்திரிகையாளரின் குடல்வால் அதை அமெரிக்காவுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது! நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971 ஜூலையில் பீக்கிங்கில் இருந்தபோது குடல்வால் அழற்சி. அங்கேயே அறுவை சிகிச்சை. ஊசி குத்தி மயக்கமளித்துத்தான் வயிற்றைக் கிழித்தார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது உண்மையல்ல! வழக்கமான மரத்துப்போகும் மருந்தைத்தான் செலுத்தினார்கள். பிறகு வயிற்றில் வாயு அடைத்து வேதனை வந்தபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசிகள், வயிற்றருகே மூலிகைச் சூடு. அவர் எழுதிய கட்டுரை வெளிவந்ததும் அமெரிக்கா முழுக்க ஒரே பேச்சு. நம் நாட்டுக்கு அக்குபங்சர் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1938-இல் சீனாவுக்குச் சேவை செய்யப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவரான பி.கே. பாசு, பின்னாளில் அங்கே மறுபடியும் போய் இதைக் கற்றுவந்து 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார்.

சரி, ஊசி உள்ளே போனால் என்னதான் நடக்கிறது? பீக்கிங்கில் ஹான் ஜிஷெங் குழுவினர் 1970-களில் ஒரு முயலுக்கு அக்குபங்சர் செய்தார்கள். அதன் மூளைத் திரவத்தை எடுத்து, ஊசியே படாத இன்னொரு முயலின் மூளைக்குள் செலுத்தினார்கள். அந்த இரண்டாவது முயலும் கூடுதல் வலியைத் தாங்கியது! உடம்பே வலிநீக்கி ஒன்றைச் சுரக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று உண்டா? ஊசியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால், வினாடிக்கு 2 துடிப்புக்கு ஒரு வகை வலிநீக்கியும் 100 துடிப்புக்கு வேறொரு வகையும் சுரப்பதையும் அதே ஹான் காட்டினார். ஊசியைத் திருகும்போது கையில் ஓர் இறுக்கம் தெரிகிறதே, அது ஏன்? அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லான்ஜெவின் நுண்ணோக்கியில் பார்த்தார். தோலுக்கடியில் இருக்கும் இணைப்புத் திசுவின் இழைகள், தக்ளியில் நூல் சுற்றுவதுபோல் ஊசியைச் சுற்றிக்கொண்டிருந்தன!

இதைவிடப் பெரிய வியப்பு ஜெர்மனியில் இருக்கிறது. நாட்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது வழக்கமான வைத்தியத்தில் தேறியவர்கள் 27.4 சதவீதம். முறையான அக்குபங்சரில் 47.6 சதவீதம். பொய்யான இடத்தில் குத்தப்பட்டவர்களில்? 44.2 சதவீதம்! 2007-இல் வெளியான இந்த எண்களைப் பலமுறை யோசித்திருக்கிறேன். புள்ளி எது என்பதில் நாம் நினைத்த அளவு துல்லியம் தேவையில்லை என்று இது சொல்கிறது. அதே சமயம், படுக்க வைத்து, அரைமணி நேரம் கவனித்து, தோலைத் தொட்டு ஊசி வைக்கும்போது உடம்பு தானே எவ்வளவு தூரம் தேறிக்கொள்கிறது என்றும் சொல்கிறது. 'அப்படியானால் எல்லாம் பிரமை' என்று ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வலி குறைந்தவருக்கு வலி குறைந்ததுதான். ஜெர்மனியும் அதை ஏற்றது. இடுப்புவலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் அக்குபங்சர் செலவை அங்கே அரசுக் காப்பீட்டில் சேர்த்தார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் 2020 ஜனவரியில் இடுப்புவலிக்கு மட்டும் இதை அனுமதித்தது.

உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தைப் பாருங்கள். மடிப்புக் கோட்டிலிருந்து மூன்று விரல்கடை மேலே, கயிறு போன்ற இரண்டு தசைநாண்கள் தெரிகின்றனவா? அவற்றின் நடுவே இருப்பது நெய்குவான் புள்ளி. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் அந்த இடத்தைத் தூண்டுவது குறைக்கிறது என்று 50-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வெறும் விரலழுத்தம்கூட அதில் சேர்த்தி! ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் பார்த்த சிவந்த வட்டங்கள், தோல்மேல் கிண்ணம் கவிழ்த்து உறிஞ்சும் கப்பிங் என்ற வேறொரு முறையால் வந்தவை. அதற்கு இவ்வளவு உறுதியான சான்று இன்னும் சேரவில்லை.

இனி மூலிகைக்கு வருவோம். கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறோமே மருக்கொழுந்து, அதன் ஒன்றுவிட்ட உறவுதான் நோபல் பரிசு வாங்கிய செடி! வியட்நாம் போரின்போது கொசுக்கடியில் படைவீரர்கள் மலேரியாவால் சாய, சீன அரசு 1967 மே 23-இல் ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்தவர் தூ யோயோ. முனைவர் பட்டம் இல்லாதவர். நூற்றுக்கணக்கான சாறுகளைச் சோதித்தார். சிங்ஹாவ் என்ற செடி ஒருநாள் வேலை செய்தது, மறுநாள் ஏமாற்றியது. அப்போது நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய மருத்துவக் கையேட்டை மறுபடியும் புரட்டினார். ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருந்தது. கொதிக்கவை என்று இல்லையே! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று பொறிதட்டியது. 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி சோதனை விலங்குகளிடமிருந்த மலேரியாக் கிருமியை முழுக்க ஒழித்தது. மறுவருடம் அதை முதலில் தன் உடம்பிலேயே சோதித்தார்! அர்டிமிசினின் அப்படித்தான் கிடைத்தது. 2015-இல் நோபல். செடியைக் கஷாயம் வைத்துக் குடித்தால் மலேரியா போகும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மூலிகை என்றாலே தீங்கில்லை என்று நம்புகிறவரா நீங்கள்? பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை எடுத்துக்கொண்ட சுமார் நூறு பெண்கள் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளானார்கள். ஒரு மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்திருந்த இன்னொன்று கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம்தான் காரணம். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அந்த மூலிகையின் பேரினத்துச் செடிதான்!

மூலிகையைப் போலவே ஊசியிலும் எச்சரிக்கை வேண்டும். ஆகவே அக்குபங்சருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ ஊசி வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரையை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மார்பில் ஊசி வைத்தபின் மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.