கண்ணுக்குத் தெரியாத புகை

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் மூன்று மணிநேரக் காற்றுத்தரக் குறியீடு 401ஐ எட்டியது. அன்று நாம் பேசியதெல்லாம் மறைந்துபோன கட்டடங்களையும் கண்ணெரிச்சலையும் பற்றியே. சுமத்ராவின் சதுப்புநிலங்கள் எரிந்து எழுந்த அப்புகையில் உடலை மிகுதியாக வருத்துவதோ கண்ணுக்குப் புலப்படாதது.

அது 2.5 மைக்ரோமீட்டரோ அதனினும் சிறியதோ ஆன நுண்துகள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. பெருந்தூசியை மூக்கின் மயிரும் சளியும் தடுத்துவிடுகின்றன. நுண்துகள் அக்காவலைக் கடந்து நுரையீரலின் காற்றறைகளில் படிகிறது; மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. ஆதலால் தீங்கு ஆஸ்துமாவோடு நிற்பதில்லை. மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் அது வழிகோலுகிறது. துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

ஓடியாடும் மாணவர் அமர்ந்திருப்பவரைவிடப் பன்மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார். அவரைத் திடலுக்கு அனுப்பலாமா என்று முடிவுசெய்ய, நாம் பெரும்பாலும் வானத்தையோ இருபத்துநான்கு மணிநேரக் குறியீட்டையோ பார்க்கிறோம். அக்குறியீடு நேற்றைய காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. பார்க்கவேண்டியது, மணிதோறும் வெளியிடப்படும் நுண்துகள் அளவை.