மலையேறும் விருந்தினர்க்கு உப்பும் நீரும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறையில் விருந்தினர் வரவு மிகுதி. அவர்களுட் பலர் அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏற விழைவர். அவ்வழி ஏறக்குறைய 9 கிலோமீட்டர்; படிகள் 3,550. காலிகோபுரம் வரை ஏற்றம் கடுமை. பின்னர்ச் சற்று இளைப்பாறலாம். இறுதியில் ‘முழங்கால் முறிச்சான்’ காத்திருக்கிறது. மலையிறங்கியபின், கெண்டைக்காலைப் பிடித்தபடி இரயிலுக்குக் காத்திருப்போரை நாம் அடிக்கடி காண்கிறோம்.

வியர்வை வெறும் நீரன்று. ஒரு லிட்டர் வியர்வையில், ஆளுக்கேற்ப, ஏறத்தாழ அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் கழிகிறது. உடலின் நீரளவைக் காப்பதும், நரம்புக்கும் தசைக்கும் துணைநிற்பதும் இச்சோடியமே. 1920களில் இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளரின் தசைப்பிடிப்பை ஆராய்ந்தோர், வியர்த்துக் களைத்தவர் வெறும் நீரையே மிகுதியாகப் பருகுவது அதற்குக் காரணமென்றனர். நீரில் சிறிது உப்புச் சேர்க்கப் பிடிப்புத் தணிந்தது. எனினும் உப்புக்குறைவு ஒன்றே காரணமன்று. பழக்கமில்லாத தசை களைத்தாலும் பிடிக்கும்.

தாகமின்றியும் நீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் தீது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வியர்த்ததினும் மிகுதியாகக் குடித்து, எடை கூடியவர்களிடமே இக்குறை அதிகம். தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் ஆகியவை இதன் குறிகள். முற்றினால் உயிருக்கே கேடு.

அதற்காக உப்பை அள்ளி விழுங்கலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒருமணி நேர நடைக்கு நீரும் வழக்கமான உணவும் போதும். மலையேற்றம் போன்ற நெடுநேர உழைப்புக்கு, உப்பிட்ட நீர்மோரைத் தாகத்துக்கேற்பச் சிறுகச் சிறுகப் பருகுதல் நன்று. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆதலின் அது உப்புக்கு ஈடாகாது. மருந்துக்கடை உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை, உறையிற் குறித்த அளவு நீரிலேயே கரைத்தல் வேண்டும்.

இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய் உடையோரும், நீர் பிரிவதற்கான மாத்திரை உண்போரும், மலையேறுமுன் மருத்துவரைக் கேட்டே உப்பின் அளவை முடிவு செய்க. வழியில் எவரேனும் மனங்குழம்பிப் பேசினால், நீரைப் புகட்டாது உடனே மருத்துவ உதவியை நாடுக.

விருந்தினரை வெயில் ஏறுமுன் புறப்படச் செய்து, கையில் ஒரு புட்டி நீர்மோரும் கொடுத்தனுப்புமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.