கொஷியென் மைதானத்து மண்

யப்பானிலே, ஒசாக்கா, கோபே ஆகிய இரு நகரங்களுக்கும் இடையே நிஷினோமியா என்னும் ஊர் உளது. அங்குள்ள கொஷியென் பேஸ்போல் மைதானத்தைக் காணும் வாய்ப்பு ஒரு கோடை விடுமுறையில் நமக்குக் கிட்டிற்று. ரயிலை விட்டிறங்கியதும் கண்ணிற் படுவது, மைதானத்துச் சுவரிலே படர்ந்து நிற்கும் பசுங்கொடிதான். மைதானத்தைக் கட்டியவர்களும் அந்த மின்சார ரயில் கம்பனியாரே.

அதன் பெயரில் ஒரு சுவை உண்டு. பிரபவ முதல் அட்சய ஈறாக நாம் எண்ணும் அறுபதாண்டு வட்டம் போன்றதொன்று யப்பானியரிடமும் உளது. அவ்வட்டத்தின் முதலாண்டு ‘கொஷி’ எனப்படும். மைதானம் திறக்கப்பட்ட 1924 அத்தகைய ஆண்டாய் அமைந்தமையின் இப்பெயர் வந்தது.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் நாடெங்குமுள்ள உயர்பாடசாலை மாணவர் இங்கே பொருதுகின்றனர். ஒருமுறை தோற்ற அணி ஊர் திரும்ப வேண்டியதுதான். யுத்தம் இவ்விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை. அரங்கின் பெரிய இரும்புக் கூரையை 1943இல் போர்த்தேவைக்கெனக் கழற்றினர். இன்றும் ஆகஸ்ட் 15ஆம் திகதி நண்பகலில் ஆட்டத்தை நிறுத்தி, யாவரும் மௌனமாய் நிற்பர்.

தோற்ற பிள்ளைகள் கண்ணீருடன் குனிந்து, மைதானத்தின் கரிய மண்ணை அள்ளிப் பைகளில் நிரப்புகின்றனர். விளையாட்டுக்கு இத்துணை அழுகை வேண்டுமா என எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் 1958ஆம் ஆண்டுக் கதையை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

அவ்வாண்டு ஒக்கினாவாத் தீவின் ஷுரி உயர்பாடசாலை அணி இங்கு வந்து தோற்றது. அம்மாணவரும் மண்ணை அள்ளிச் சென்றனர். அக்காலம் ஒக்கினாவா அமெரிக்கரின் ஆட்சியில் இருந்தது. பயிர்நோய்த் தடுப்புச் சட்டப்படி யப்பானிய மண் அந்நிய மண்ணாம்! தீவை அடைந்ததும் அதனைக் கடலிற் கொட்டிவிட்டனர். ஒரே மொழி பேசும் பிள்ளைகள் தம் நாட்டு மண்ணைத் தம் வீட்டிற்குக் கொண்டுபோக இயலவில்லை.

செய்தியறிந்த விமானப் பணிப்பெண் ஒருவர், கொஷியெனிற் சிறு கற்களைப் பொறுக்கி அப்பாடசாலைக்கு அனுப்பி வைத்தார். கல்லுக்குச் சட்டத்தில் தடையில்லை. அக்கற்களைப் பதித்த நினைவுச் சின்னம் ஷுரி பாடசாலையில் உளது.

ஒக்கினாவா 1972இல் மீண்டும் யப்பானுடன் சேர்ந்தது. கோடைப் போட்டியின் வெற்றிக்கொடி அத்தீவிற்கு முதன்முறையாகச் சென்றது 2010இலே. கொண்டு சென்றவர்கள் கொனன் உயர்பாடசாலை மாணவர்.