கோமுகி ஆற்றுக்கும் திருகோணமலைக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. கடல் பார்க்க ஆசைப்பட்டால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணையின் கரையில் நின்று பாருங்கள். கல்வராயன் மலையில் இறங்கி வரும் அந்தத் தண்ணீர் கடைசியில் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அதே பரங்கிப்பேட்டையில் 1782 மார்ச்சில், ஆங்கிலேயரோடு போரிட்ட மைசூர் ஐதர் அலிக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படையைக் கப்பல்களிலிருந்து இறக்கினான் ஒரு கடற்தளபதி. பெயர் சுஃப்ரென். அடுத்த மாதமே கடலூர் பிரெஞ்சுக்காரர் கையில்!

அந்தத் தளபதிக்குத் தூக்கத்தைக் கெடுத்த எதிரி எது தெரியுமா? நம் ஐப்பசி மழை!

ஆமாம், கோமுகி அணை நிரம்ப நாம் காத்துக் கிடக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை அன்று ஒரு போர்க்கப்பல் கூட்டம் ஒதுங்க ஒரு மறைவான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டு நிற்கும். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதே 1870களில்தான். ஐப்பசியில் காற்று திரும்பினால் கப்பலைக் கரையில் மோதி உடைத்துவிடும். அதனால் மழைக்காலம் வந்ததும் ஆங்கிலேயக் கப்பற்படை சோழமண்டலக் கரையை அப்படியே விட்டுவிட்டு, தென்முனையைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்கு ஓடும். மாதக்கணக்கில் கரைக்குக் காவல் இல்லை!

எதிரே இலங்கைத் தீவில், திருகோணமலையில், மலைகள் சுற்றி நிற்கும் ஆழமான இயற்கைத் துறைமுகம். உள்ளே நுழைந்துவிட்டால் வெளியே எந்தப் புயலடித்தாலும் கவலையில்லை. இதற்காக நடந்த ஓட்டப்பந்தயத்தைப் பாருங்கள். 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரென் அதைப் பறித்தான். ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் உதவிக்கு வந்து சேர்ந்தது செப்டம்பர் 2. கோட்டையில் பறந்துகொண்டிருந்தது பிரெஞ்சுக் கொடி. மறுநாள் துறைமுகத்துக்கு வெளியே பெரும் சண்டை. அக்டோபரில் சென்னையில் புயல். கடற்கரையெங்கும் உடைந்த கப்பல்கள். ஹியூஸ் வழக்கம்போல் பம்பாய்க்குப் புறப்பட்டார். சுஃப்ரென் திருகோணமலையில் காவற்படையை வைத்துவிட்டுக் கப்பல்களைச் சுமத்ராவின் அச்சேவுக்குக் கொண்டுபோனான். ஹியூஸ் திரும்பிவந்தது ஏப்ரலில். அதற்கு முன்பே சுஃப்ரென் வங்கக் கடலுக்குள் வந்துவிட்டான்!

இன்னொன்று கேளுங்கள். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே இருவரும் ஐந்தாவது முறையாக மோதினார்கள். ஐரோப்பாவில் இரண்டு நாடுகளும் முதற்கட்டச் சமாதானத்தில் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜனவரி 20. ஐந்து மாதம், ஒரு நாள் குறையாமல்! செய்தி வந்து சேரவில்லை. முடிந்துபோன சண்டைக்காக நம் கரையில் மனிதர்கள் செத்தார்கள்.

அது பாய்மரக் காலம். நீராவிக் கப்பல் வந்ததும் காற்றின் தொல்லை தீர்ந்தது, நிலக்கரியின் தொல்லை பிறந்தது. ஒதுங்கவும் கரி ஏற்றவும் தீவு இல்லாத கப்பலின் கதி என்ன? அதற்குப் பதில் நம் நாக்கிலேயே இருக்கிறது. சின்னசேலத்துக் கடைத்தெருவில் யாராவது காரியக்காரனைப் பற்றி “அவன் பெரிய எம்டன்பா” என்றால், அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர்! 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டு இருட்டில் மறைந்த எம்டன்.

எம்டன் வேட்டையாடிய கடற்பகுதியில் ஜெர்மனிக்குச் சொந்தமாக ஒரு தீவுகூட இல்லை. எதிரியின் கப்பலைப் பிடித்து, அதிலிருந்த கரியையும் அள்ளிக்கொண்டுதான் எம்டன் ஓடியது. அக்டோபரில் தியாகோ கார்சியாவுக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் தீவு! ஆனால் ஆகஸ்டில் உலகப் போர் தொடங்கியதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. வந்தவர்களை வரவேற்று உபசரித்தார்கள். ஜெர்மானியர்களும் அவர்களுடைய மோட்டார் படகைப் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்!

எம்டனின் முடிவும் ஒரு தீவில்தான். நவம்பர் 9, கொக்கோஸ் தீவுகள். அங்கிருந்த தந்தி நிலையத்தை உடைக்க ஐம்பது பேர் இறங்கினார்கள். அதற்குள் நிலையத்து ஊழியர்கள் ‘புதுக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது’ என்று தந்தி தட்டிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் பாய்ந்து வந்தது, எம்டன் ஒழிந்தது. இறங்கிய ஐம்பது பேர்? தீவில் நின்ற ‘ஆயிஷா’ என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பினார்கள். மறு ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள்!

அடுத்த உலகப் போருக்கு வாருங்கள். 1942 மார்ச் 23 அன்று அந்தமான் எதிர்ப்பே இல்லாமல் ஜப்பானியர் கைக்குப் போனது. இரண்டே வாரத்தில் குண்டுவீச்சு தொடங்கியது: ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினம், 9 திருகோணமலை! சென்னை காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று விலங்குக் காட்சிசாலையின் சிங்கங்களைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள். நம் உளுந்தூர்பேட்டையில் இருக்கும் பழைய விமான ஓடுதளம் இந்தப் போர்க்காலத்தில் போட்டதுதான். அந்தமான் போனால் உளுந்தூர்பேட்டைக்கு ஓடுதளம் வரும்!

திருகோணமலையில் ஆங்கிலேயர் கட்டிய பிரம்மாண்டமான எண்ணெய்த் தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஏப்ரல் 9 அன்று ஒரு ஜப்பானிய விமானம் 91ஆம் எண் தொட்டியில் மோதியது. ஏழு நாள் எரிந்தது அந்த எண்ணெய். அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் முந்நூறுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. ஜப்பானியர் தேடிவந்தது பிரிட்டிஷாரின் கீழைக் கப்பற்படையை. அது எங்கே இருந்தது? இலங்கைக்குத் தென்மேற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மாலத்தீவின் அட்டு பவளத்தீவில் ரகசியமாகக் கட்டிய தளத்தில்! அப்படி ஒரு தளம் இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது.

ஒரு தீவைக் கைவிடாமல் காக்க எவ்வளவு பாடு என்பதற்கு அதே போரில் இன்னொரு கதை. மத்தியதரைக் கடலின் மால்டா, சென்னை மாநகராட்சியைவிடச் சிறிய தீவு. 1942 ஆகஸ்டில் அதற்கு உணவும் எண்ணெயும் கொண்டுபோன 14 சரக்குக் கப்பல்களில் 5தான் போய்ச் சேர்ந்தன. அதிலும் ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல், குண்டடிபட்டு மூழ்கும் நிலையில், இரண்டு பக்கமும் இரண்டு போர்க்கப்பல்கள் தோள்கொடுக்க, கைத்தாங்கலாக வந்தது!

தீவு ஒளித்து வைக்கவும் உதவும். 1971இல் நம் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தின் ஒரு கொதிகலனில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அதை வேட்டையாட வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி சென்னைப் பக்கமும் விசாகப்பட்டினப் பக்கமும் தேடியது. விசாகப்பட்டினத்தில் ராஜ்புத் என்ற பழைய கப்பல், விக்ராந்த் பேசுவதுபோல் வானொலியில் பேசிக்கொண்டிருந்தது. உண்மையான விக்ராந்தோ அந்தமானில் ஒதுங்கியிருந்தது! டிசம்பர் 3 இரவு விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. மறுநாள் விக்ராந்தின் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜார் மேல் பறந்தன.

இதையெல்லாம் வியக்கும்போது அந்தத் தீவுகளில் குடியிருந்தவர்களை மறப்பது நியாயமில்லை. 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றினார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை உளவாளிகள் என்று சொல்லி ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். எம்டனை உபசரித்த தியாகோ கார்சியா? அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக 1968க்கும் 1973க்கும் இடையே, அது அடங்கிய சாகோஸ் தீவுகளின் மக்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தென்னந்தோப்பு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். வளர்த்த நாய்களைக்கூட விட்டுவைக்கவில்லை. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

இன்று? லட்சத்தீவின் மினிக்காயில் 2024 மார்ச் 6 அன்று ஐ.என்.எஸ். ஜடாயு என்ற கடற்படைத் தளம் தொடங்கியது. தெற்குக் கோடியில், பெரிய நிகோபாரின் கேம்ப்பெல் விரிகுடாவில், 2012 முதல் ஐ.என்.எஸ். பாஸ் தளம். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நக்கவாரம் என்று சொல்லும் நிகோபார்தான் அது! அந்தத் தீவின் இந்திரா முனையிலிருந்து சுமத்ரா சுமார் 150 கிலோமீட்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் தாண்டி ஈரோடு போகிற தூரம். கிழக்கே மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்களில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. அக்கரையில் இருக்கும் சுமத்ராவின் அந்த முனைக்குப் பெயர் அச்சே. 1782 ஐப்பசியில், நம் கரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, சுஃப்ரென் கப்பல்களை ஒதுக்கி வைத்த அதே அச்சே!