வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஆபீஸ் சாஃப்ட்வேர் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, உரிமத்தை.

புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறையில்கூட இன்று கம்ப்யூட்டர் இல்லாமல் காரியம் நடக்காது. விலைப்புள்ளி, பில், சம்பளப் பட்டியல் எல்லாம் வேர்டிலும் எக்செல்லிலும்தான். ஆனால் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அவை தொடர்ந்து ஓடும். புதிய ஓட்டை தெரியவந்தால் அடைத்துத் தர ஆளில்லை, அவ்வளவுதான். எனவே அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி பல சிறு அலுவலகங்களின் மேஜைக்கு வந்திருக்கிறது.

விலைப்பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். காரணம், இங்கே விற்கப்படுவது பொருள் அல்ல, பயன்படுத்தும் உரிமை. அதில் நான்கு வகைகள் உண்டு. லேப்டாப்புடன் சேர்ந்தே வருவது முதல் வகை. பொதுவாக அந்த இயந்திரத்தோடு அதன் ஆயுளும் முடியும். தனியாகக் கடையில் வாங்குவது இரண்டாவது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்படுவது மூன்றாவது. ஆண்டுச் சந்தா நான்காவது. சந்தா தீர்ந்தால் கோப்பைத் திறந்து படிக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2024 அக்டோபரில் வெளிவந்தபோது ஆபீஸ் ஹோம் பதிப்பின் அமெரிக்க விலை சுமார் 150 டாலர். ஒரே கம்ப்யூட்டருக்குத்தான். ஆதரவு 2029 அக்டோபர் வரை. ஆக, ஆண்டுக்கு 30 டாலர். மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர் சந்தா 2025 ஜனவரியில் 70 டாலரிலிருந்து 100 டாலராக ஏறியது. குடும்பச் சந்தா 130 டாலர். ஆனால் ஆறு பேர் பயன்படுத்தலாம் என்பதால் தலைக்கு 22 டாலர்கூட இல்லை. பட்டியலில் அதிக விலையாகத் தெரியும் சந்தாதான் ஆறு பேர் உள்ள வீட்டுக்கு மலிவு. இந்தியாவில் தொகை வேறு. கணக்குப் போடும் முறை இதுவே.

சிக்கல் இனிதான். இந்த மலிவு உரிமங்கள் வீட்டு உபயோகத்துக்கானவை. லேப்டாப்போடு வரும் ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ பதிப்பில் பட்டறை பில் போட்டால் அது உரிம மீறல். வணிகத்துக்கான ‘ஹோம் அண்ட் பிசினஸ்’ 2024 பதிப்பின் விலை 250 டாலர். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘சாவி’களை நம்புவது இன்னும் ஆபத்து. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

சந்தாவிலும் கண்விழிப்பு தேவை. விலை ஏறியபோது, பழைய விலையிலேயே தொடரும் ‘கிளாசிக்’ திட்டத்தைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடர்ந்தது. அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழைய திட்டத்துக்குத் திரும்புவோருக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

விலையே இல்லாத லிப்ரே ஆபீஸ் மற்றொரு வழி. வீடு, வணிகம் என்ற பேதமின்றி எத்தனை கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம். மராத்தியிலும் தமிழிலும் கிடைக்கிறது. எக்செல்லில் சிக்கலான மேக்ரோக்களை நம்பியிருக்கும் அலுவலகம் மட்டும் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் இலவசம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்குப் புனேயிலேயே ஒரு பாடம் உண்டு. 1988-ல் இங்கே தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான சி-டாக், ஐ.எஸ்.எம்., லீப் ஆபீஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் மூலம் இந்திய மொழிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. மராத்தியில் சுரேக், தமிழில் வள்ளுவர் என எழுத்துருக்கள் பரவின. 2005 ஏப்ரலில் சென்னையில் தமிழ் எழுத்துருக்களும் ஆபீஸ் தொகுப்பும் அடங்கிய குறுந்தகட்டை மத்திய அரசு இலவசமாகவே வெளியிட்டது. ஆனால் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் யுனிகோடு முறைக்குத் தாமாக மாறவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் இன்றும் வெறும் குறிகளாகவே தெரிகின்றன. படிக்க மாற்றிமென்பொருள் வேண்டும். விலை போனது, பூட்டு போகவில்லை.

எனவே காசோலையில் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை மூன்று. இதை அலுவலகத்தில் பயன்படுத்த உரிமை உண்டா? ஐந்து ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு? பணம் கட்டுவதை நிறுத்தினால் கோப்புகள் வேறு சாஃப்ட்வேரில் திறக்குமா? கோப்புகளை யுனிகோடில் அடித்து, ஓடிஎஃப் போன்ற பொதுத்தர வடிவில் ஒரு பிரதி சேமித்துவைக்கும் அலுவலகம், அடுத்த விலையேற்றம் வரும்போது பேரம் பேசலாம், வேண்டாமென்றால் விலகிப் போகலாம். மற்றவர்கள் கேட்ட தொகையைக் கட்ட வேண்டியதுதான்.