மொட்டு மலர்வதற்குள் உலை கொதிக்கணும்

மதுரை, திண்டுக்கல் பக்கம் கால் ஏக்கர், அரை ஏக்கர் மல்லித் தோட்டத்தை நம்பி வாழும் வீடுகளில், பங்குனி பிறந்துவிட்டால் பெண்களுக்கு ஓய்வு நாள் கிடையாது. நெல் என்றால் நடவு, களை, அறுப்பு என நெருக்கடியான நாட்களுக்கு நடுவே கொஞ்சம் மூச்சு விடலாம். மல்லிச்செடி பருவம் முழுக்க அன்றாடம் மொட்டு வைக்கும். பறிக்காமல் விட்ட மொட்டு அன்று மாலையே செடியில் மலர்ந்துவிடும். மலர்ந்த பூவுக்குச் சந்தையில் மதிப்பில்லை. சென்ட் கம்பெனிக்காரர் கொடுக்கிற விலைதான்.

ஆகவே இருட்டோடு தோட்டத்தில் இறங்கியாக வேண்டும். தலையில் டார்ச் லைட், இடுப்பில் கட்டிய துணி மடி. மறுநாளைக்கான பச்சை மொட்டைத் தொடாமல், முற்றி வெளுத்ததை மட்டும் காம்போடு கிள்ளி எடுக்கின்றன விரல்கள். முதுகு வளைந்தபடியே வரிசை வரிசையாக நகர்கிறார்கள். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான முறை கிள்ள வேண்டும். உழவுக்கு டிராக்டர் வந்தது, மருந்தடிக்க விசைத்தெளிப்பான் வந்தது. மொட்டுப் பறிப்பு இன்னும் கைவேலைதான்.

வீட்டு வேலை குவிந்து கிடப்பதும் அதே நேரத்தில்தான். மாட்டுக்குத் தீவனம் வைக்கணும், குழாயில் தண்ணீர் வரும்போதே பிடிக்கணும், பிள்ளைகளைக் கிளப்பணும். எனவே பெண்கள் பொழுதை முதல் நாளே பங்கு போடுகிறார்கள். இரண்டு நாளுக்கான மாவை ஒரே தடவையில் ஆட்டிவிடுவார்கள். காய் இரவே நறுக்கியாகிவிடும். மாமியாருக்கு உடம்பு முடிந்தால் அடுப்படி அவருடையது. முடியாத நாளில் மூத்த மகள் தலையில் விழுகிறது. இந்தத் திறமையை நான் மெச்சுகிறேன். ஆனால் படிக்கிற பெண்ணின் நேரத்தைக் கடன் வாங்கி நடக்கும் நிர்வாகத்தை மெச்ச மனம் வரவில்லை.

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வது இது: வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 88 நிமிடம். இது நாடு தழுவிய சராசரி. மல்லிக்காட்டுப் பெண்ணுக்கு அந்த 289 நிமிடமும் தோட்ட வேலைக்கு மேல் வந்து சேர்கிறது. பறித்த பூவைச் சந்தைக்கு எடுத்துப் போய்ப் பணம் வாங்கி வருவது பெரும்பாலும் ஆண்தான். பட்டாவும் அவர் பெயரில்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பண்ணைகளில் பெண்கள் பொறுப்பில் நடப்பவை எண்ணிக்கையில் நூற்றுக்கு 14 அளவே. பட்டா இல்லாதவரைப் பயிற்சிக் கூட்டத்துக்கு யாரும் தேடி அழைப்பதில்லை. அழைத்தாலும் கூட்டம் காலை பதினோரு மணிக்கு என்றால், பூவை அனுப்பிவிட்டுத் துணி துவைக்க உட்காரும் நேரம் அது.

இவர்களின் காலைப்பொழுதை நிஜமாகவே இளக்கிய ஒன்று, வேளாண் திட்டமே அல்ல. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம்தான் அது. உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ பள்ளியிலேயே கிடைப்பதால், சின்னப் பிள்ளைகளுக்காக அடுப்புக்கும் தோட்டத்துக்கும் ஓடுகிற ஓட்டம் குறைந்தது. பிள்ளைகளின் பசிக்காக வந்த திட்டம், தாயின் கையில் அரைமணி நேரத்தையாவது மிச்சம் வைத்தது. பெண் விவசாயிக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் அதிகாரிகள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: அவளுடைய எந்த வேலையை ஊர்ப்பொது ஏற்பாடு எடுத்துக்கொள்ள முடியும்?

அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதும் இட்லிக் கொப்பரை மறுபடி விடியுமுன் அடுப்பேறுகிறது. அதை ஏற்றி இறக்க, சந்தைக்குக் கிளம்பும்வரை வீட்டில் இருக்கும் ஆணுக்கும் கை இருக்கிறது.