உங்களுக்குத் தெரியுமா? கடல்நீரைக் குடிநீராக்கும் கிளைவலை

மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய ஆலை, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடையது.

இத்தகைய ஆலைகளின் சவ்வுகளில் உப்பைத் தடுப்பது, பெரும்பாலும் ‘பாலிஅமைடு’ என்னும் பாலிமர் படலமே. மூன்று கைகள் கொண்ட மூலக்கூறுகள் கிளைத்துக் கோத்துக்கொண்டு பின்னும் இந்த வலையின் தடிமன், தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

2007-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் இந்த வலைக்குள் சியோலைட் என்னும் கனிமத்தின் நானோ துகள்களைப் பதித்து, கலப்பினச் சவ்வு ஒன்றை உருவாக்கினர். உப்பைத் தடுக்கும் திறன் குறையவில்லை; நீர் கூடுதலாக ஊடுருவியது. நீர் எளிதில் கடந்தால், அதைச் சவ்வின் வழியே தள்ளத் தேவையான அழுத்தமும் மின்செலவும் குறையும். கடலோர ஊர்களின் தாகம் தீர்க்க உதவும் அருமையான வேதியியல் இது!